விலைக்கு வாங்கிய விழிகள்

"நாவல் படிக்கிறேன், அதற்குப் பணம் கொடுக்கிறார்கள்!"

கல்லூரியில் என்னோடு பயின்ற நண்பரொருவர், நெடுநாள் கழித்துச் சந்தித்தபோது இப்படிக் கூறினார். திகைத்தேன். மறைப்பானேன், பொறாமையும் கொண்டேன். நானோ பள்ளி ஆசிரியன். பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளைத் திருத்தி முடித்து, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு நாவலைக் கையிலெடுத்தால், பத்துப் பக்கம் புரளுமுன் கண் செருகிவிடும். அவருக்கோ படிப்பே பிழைப்பு! சென்னையிலே ஓர் அறையில் அமர்ந்துகொண்டு, இலண்டனிலே உள்ள அலுவலகமொன்றுக்காக, இன்னும் அச்சேறாத ஆங்கில நாவல்களைப் படிக்கிறார். கருத்துரை எழுதி அனுப்புகிறார். கருத்துரை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்.

"அந்த அலுவலகத்துக்கு என்னதான் தொழில்?" என்று கேட்டேன்.

"லிட்டரரி ஸ்கவுட்" என்றார்.

"ஓகோ, இலக்கிய ஒற்றரா!" என்றேன்.

இருவரும் சிரித்தோம். வேடிக்கைக்காகச் சொன்ன சொல் எத்துணைப் பொருத்தமானது என்பது, அவர் விவரங்களைச் சொல்லச் சொல்லப் புரிந்தது. புரியப் புரியச் சிரிப்பும் குறைந்தது.

தோழர்களே! புத்தக உலகிலே எழுத்தாளரை நாம் அறிவோம், பதிப்பாளரை அறிவோம். மேலைநாட்டு ஏடுகளைப் புரட்டுவோர், எழுத்தாளருக்காகப் பேரம் பேசிடும் இலக்கிய முகவரையும் அறிவர். ஒற்றரை அறிந்தவர் மிகச் சிலர். அவர் பெயரை நூலின் அட்டையிலே காணமுடியாது; விமர்சனத்திலே காணமுடியாது; விருது மேடையிலே காணமுடியாது. எனினும், நியூயார்க்கிலே ஒருவர் எழுதிய நாவல், அங்கே அச்சேறுமுன்பே ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பிரேசிலிலும் விலைபோய்விட்டது என்று செய்தி வருகிறதே, அந்த விந்தையின் பின்னே பெரும்பாலும் ஓர் ஒற்றர் நிற்கிறார்.

வேலை இதுதான். மியூனிக்கிலே ஒரு பதிப்பகம், மிலானிலே ஒரு பதிப்பகம். "நாளை ஊரெல்லாம் படிக்கப்போகும் ஆங்கில நூல் எது? நம் நாட்டிலே நமக்குப் போட்டியாக இருப்பவன் அறியுமுன் நாம் அதை அறியவேண்டும்" என்பது அவற்றின் கவலை. ஆகவே நியூயார்க்கிலோ இலண்டனிலோ உள்ள ஒற்றரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. ஒற்றர் ஒரே காலத்திலே பல நாட்டுப் பதிப்பகங்களுக்கு உழைப்பார். ஆனால் ஒரு நாட்டுக்கு ஒரு பதிப்பகந்தான் என்பது தொழில் மரபு. திரைப்பட நிறுவனங்களும் அவரை அமர்த்துவது உண்டு. எந்த முகவரிடம் எந்தக் கையெழுத்துப்படி வந்திருக்கிறது, எந்தப் பதிப்பாசிரியர் அதை இரவெல்லாம் விழித்துப் படித்தார், எங்கே ஏலம் சூடுபிடிக்கிறது என்பதையெல்லாம் அவர் தெரிந்திருக்கவேண்டும். வெளியே வராத கையெழுத்துப்படியை நட்பின் வழியாகப் பெற்று, அன்றிரவே படித்து, மறுநாட்காலை "வாங்குக" அல்லது "விடுக" என்று சேதி அனுப்பவேண்டும். நூல் விற்றால் அவருக்குப் பங்கு கிடையாது, சம்பளந்தான். 1949 முதல் நடந்துவரும் பிராங்பர்ட் புத்தகக் காட்சியிலே, ஒவ்வோர் அக்டோபரிலும், முகவர்களுக்கும் ஒற்றர்களுக்குமெனத் தனிக் கூடமே திறந்து வைக்கிறார்கள் என்றால், இந்தத் தொழிலின் செல்வாக்கைத் தெரிந்துகொள்ளலாம்.

"சரி, இதிலே குற்றம் என்ன? ஆயிரம் கையெழுத்துப்படிகளை மிலானில் இருப்பவர் படிக்க முடியுமா? யாராவது படித்துச் சொல்லத்தானே வேண்டும்?" என்று கேட்பீர்கள்.

கேட்கவேண்டிய கேள்வி! யாராவது படிக்கத்தான் வேண்டும். கண்விழித்துப் படிப்பதும், படித்ததை நேர்மையோடு எடுத்துரைப்பதும் மதிப்புக்குரிய உழைப்பு. பங்குப்பணம் இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்வதால், விற்பவர் பக்கம் சாயவேண்டிய தேவையும் ஒற்றருக்கு இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த உழைப்பை நான் பழிக்கவில்லை. அந்த உழைப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்களே ஒரு கதை, அதைத்தான் பழிக்கிறேன்.

என்ன கதை? "அவருக்கு அபார மோப்பம்! பத்துப் பக்கம் படித்தால் போதும், முத்து எது, மண் எது என்று சொல்லிவிடுவார். அது கற்றுவருவதல்ல, பிறவியிலேயே வருவது" என்ற கதை! தோழர்களே, இந்தக் குரலை வேறெங்கோ கேட்டதுபோல் இல்லையா? உடுக்கை அடித்துக் குறி சொல்பவரைப் பற்றியும் ஊரிலே இப்படித்தானே கூறுகிறார்கள்! பலித்த குறியைப் பத்து ஆண்டு பேசுவார்கள்; பலிக்காத குறியை மறுநாளே மறப்பார்கள். உடுக்கைக்காரரைக் கேள்வி கேட்கக் கற்ற நாம், ஆங்கிலம் பேசும் உடுக்கையைக் கண்டு மட்டும் வாய்மூடி நிற்பதா?

கணக்குப் பார்ப்போம். 1912 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே மார்செல் புரூஸ்ட் என்பார் தமது பெரு நாவலின் முதற் பகுதியை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். அங்கே வீற்றிருந்தவர் ஆந்திரே ழீத். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். இலக்கியச் சுவை என்றால் அவரைக் கேட்டுத்தான் என்று பெயர் பெற்றவர். நாவல் திருப்பியனுப்பப்பட்டது! 1913 இலே புரூஸ்ட் தம் கைப்பணத்தைச் செலவிட்டு வேறொரு பதிப்பகத்தின் வழியே அதை வெளியிட்டார். 1914 இலே ழீத், தாம் இழைத்தது பெரும்பிழை என்று புரூஸ்டுக்கே எழுதினார். அந்த நேர்மைக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் மோப்பம்? அது எங்கே போயிற்று?

இத்தாலிக்கு வருவோம். சிசிலித் தீவினரான லாம்பெதூசா, வாழ்நாளிலே ஒரே ஒரு நாவலை எழுதி முடித்தார். அக்காலத்து இத்தாலியின் மாபெரும் பதிப்பகங்கள் இரண்டு அதை மறுத்தன. 1957 ஜூலையில், மறுப்பையே விடையாகப் பெற்று அவர் இறந்தார். மறு ஆண்டிலே ஜார்ஜோ பஸ்ஸானி என்ற எழுத்தாளர், தமக்குக் கிட்டிய முழுமையற்ற படியைப் படித்துவிட்டு, மீதியைத் தேடிப் பலெர்மோ நகருக்கே சென்று, முழு நூலையும் திரட்டிக்கொணர்ந்து அச்சேற்றினார். 1959 இலே இத்தாலியின் புகழ்மிக்க ஸ்த்ரேகா பரிசு அந்நூலுக்குக் கிடைத்தது. பரிசைப் பெற்றுக்கொள்ள ஆசிரியர்தான் இல்லை! மறுத்தவர்கள் மூடர்களா? இல்லை. கற்றவர்கள், தேர்ந்தவர்கள். அவர்களுக்கே எதிர்காலம் தெரியவில்லை. ஏனெனில் எதிர்காலம் எவருக்கும் தெரியாது. பஸ்ஸானியிடம் இருந்தது மந்திரமல்ல, விடாமுயற்சி. பயணச்சீட்டு வாங்கிச் சென்றாரே, அது!

ழீத்தும் மற்றவர்களும் ஒற்றர்களல்லர். பதிப்பகத்தின் உள்ளேயே இருந்து படித்தவர்கள். ஆயினும் செய்தது அதே வேலை: கையெழுத்துப்படியைப் பார்த்து, நாளைக்கு என்ன நடக்குமென்று சொல்வது. அவர்களுக்கு வராத ஆரூடம், ஒரே இரவிலே நானூறு பக்கம் படிக்கும் ஒற்றருக்கு மட்டும் வந்துவிடுமா?

வராது என்பது ஒற்றருக்கே தெரியும். ஆகவே அவர் என்ன செய்கிறார்? இங்கேதான், தோழர்களே, விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

ஒற்றரின் வேலை எப்போது போகும்? மோசமான நூலை "வாங்குக" என்று சொன்னால் போகுமா? மற்றவர்களும் அதையே வாங்கியிருந்தால் போகாது. "எல்லோருந்தானே ஏமாந்தோம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் ஊரெல்லாம் வாங்கிய நூலைத் தம் முதலாளிக்குச் சொல்லத் தவறினால்? அன்றோடு சம்பளம் நின்றுபோகலாம்! தவறான நூலைப் பிடித்தால் மன்னிப்பு உண்டு. கூட்டத்தைத் தவறவிட்டால் மன்னிப்பு இல்லை. இப்படி ஒரு நிலையிலே வைக்கப்பட்ட மனிதர் எதைத் தேடுவார்? நல்ல நூலையா, கூட்டத்தையா? பக்கத்துக்காரர் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்பதே பார்வையாகிவிடும். தேடுவதற்காக அமர்த்தப்பட்ட கண், திரும்பிப் பார்ப்பதிலேயே தேய்ந்துவிடும்.

நம் வள்ளுவர் ஒற்றரைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்தார். திருக்குறளின் 59 ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதன் தொடக்கத்திலேயே, ஒற்றையும் நூலையும் ஒன்றாக நிறுத்தி, இரண்டும் மன்னனுக்குக் கண்கள் என்கிறார். ஒற்றும் நூலும்! இலக்கிய ஒற்றரை நினைத்தே சொன்னாரோ என்று வியக்கத் தோன்றுகிறது. அத்தோடு விட்டாரா? ஓர் ஒற்றர் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றரைக்கொண்டு சரிபார் என்றார். ஒற்றரை ஒற்றர் அறியாதபடி வைத்து, மூவர் சொல்லும் தனித்தனியே ஒத்திருந்தால் மட்டும் நம்பு என்றார். எத்துணைக் கூர்மையான பகுத்தறிவு! ஒருவரையொருவர் அறிந்த மூவர் ஒரே சேதியைச் சொன்னால், அது மூன்று சான்றல்ல. ஒரே சான்றின் மூன்று எதிரொலி.

இன்று நியூயார்க்கிலும் இலண்டனிலும் நடப்பதைப் பாருங்கள். ஒற்றரும் முகவரும் பதிப்பாசிரியரும் ஒரே விருந்துகளிலே கூடுகிறார்கள். ஒரே சேதியை மாற்றிக்கொள்கிறார்கள். காலையிலே எழுந்த கிசுகிசு, மாலையிலே கருத்தாகி, மறுவாரம் ஏலமாகிவிடுகிறது. மூவர் ஒத்துச் சொல்கிறார்களே என்று மிலானில் இருப்பவர் நம்புகிறார். மூவரும் ஒரே மேசையில் உணவருந்தியது அவருக்குத் தெரியுமோ, தெரியாதோ!

கூட்டம் கூடி ஓடினால் என்ன ஆகும்? அமெரிக்காவிலே 'அமெரிக்கன் டர்ட்' என்றொரு நாவல். மெக்சிகோவிலிருந்து குழந்தையோடு தப்பியோடும் ஒரு தாயின் கதை. 2018 இலே ஒன்பது பதிப்பகங்கள் ஏலத்திலே மோதின. பத்து இலட்சம் டாலருக்கு மேல் முன்பணம் கொடுத்து ஒரு பதிப்பகம் வாங்கியது. நூலுக்கென நடந்த விருந்திலே, மேசை அலங்காரமாக முள்வேலி வடிவம் வைத்தார்கள். எல்லையிலே மனிதரின் சதையைக் கிழிக்கும் முள்வேலி, விருந்து மேசையிலே பூச்செண்டாயிற்று! 2020 ஜனவரியில் நூல் வெளிவந்தது. மெக்சிகோ வழிவந்த எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள்: "இது எங்கள் வாழ்க்கையா? எங்களைப் பற்றிய உங்கள் கற்பனையா?" என்று கேட்டார்கள். ஆசிரியரின் ஊர்ச்சுற்றுப் பயணம் நிறுத்தப்பட்டது. பதிப்பகத் தலைவர், நூலை முன்வைத்த முறையிலே தவறுகள் நேர்ந்தன என்று ஒப்புக்கொண்டார். நூல் ஏராளமாக விற்றது, அதை மறைக்கவேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. ஒன்பது பதிப்பகங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை கண்கள்! அந்த முள்வேலி யாரைக் குத்தும் என்பது, அது மேசைக்கு வரும்வரை ஏன் எவர் கண்ணிலும் படவில்லை?

ஏனென்றால் அந்தக் கண்களெல்லாம் பெரும்பாலும் ஒரே வீதியிலே பிறந்தவை. லீ அண்ட் லோ என்ற அமெரிக்கப் பதிப்பகம், புத்தகத் துறையிலே பணியாற்றுவோர் யார் யார் என்று கணக்கெடுத்தது. 2015 இலே நூற்றுக்கு 79 பேர் வெள்ளையர். 2019 இலே நூற்றுக்கு 76 பேர். கறுப்பர், ஆசியர், இலத்தீன் அமெரிக்க வழியினர், பழங்குடியினர் அனைவரையும் கூட்டினாலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு!

"தகுதி உள்ளவர் வந்தார், மற்றவர் வரவில்லை" என்பார்கள். பழகிப்போன பாட்டு! வாயிலிலே என்ன விலை எழுதியிருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். புத்தகத் துறையின் தொடக்க வேலைகள், உலகிலேயே செலவு மிகுந்த இரு நகரங்களிலே இருக்கின்றன. சம்பளமோ மிகக் குறைவு. நெடுங்காலம் சம்பளமே இல்லாத பயிற்சி வேலையும் நடந்துவந்தது. வாடகையைத் தந்தை கட்டிடும் வீட்டுப் பிள்ளையால் அதைத் தாங்கமுடியும். வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய பிள்ளையால் முடியுமா? 2022 நவம்பர் 10 அன்று நியூயார்க்கிலே ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தின் ஊழியர் சுமார் 250 பேர், தொழிற்சங்கக் கொடியின் கீழ் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அங்கே தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 45,000 டாலர். நம் காதுக்குப் பெருந்தொகை. அந்த நகரத்து வாடகைக்கு முன்னே சிறுதொகை. பனிக்காலத்திலே தெருவில் நின்று, 2023 பிப்ரவரியில் 50,000 டாலர் வரை உயர்த்தும் உடன்பாட்டைப் பெற்றார்கள். நூல்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்திக்கொடுக்கும் கைகள், தம் வயிற்றுக்காகப் பலகை ஏந்தவேண்டி வந்தது!

படிப்பவரை இப்படித் தேர்ந்தெடுத்தால், படிக்கப்படுவது எப்படி இருக்கும்? ஒரே வீதியில் பிறந்த கண்கள், ஒரே வீதியைத்தான் அழகென்று காணும்.

கதவு அடைபட்டால் வெளியே நிற்பவர் மனம் என்ன பாடுபடும் என்பதற்கு ஒரு விசித்திர வழக்கே சான்று. 2016 முதல் சில ஆண்டுகள், உலகெங்கும் உள்ள எழுத்தாளருக்கும் முகவருக்கும் ஒற்றருக்கும், பதிப்பாசிரியர்கள் அனுப்புவதுபோலவே மின்னஞ்சல்கள் வந்தன: "உங்கள் புதிய கையெழுத்துப்படியை அனுப்புக." முகவரியிலே ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும், பலர் கவனியாமல் அனுப்பினார்கள். நியூயார்க்கிலுள்ள ஓர் ஒற்று நிறுவனத்தின் தகவல் களஞ்சியத்துக்குள்ளும் அந்த மோசடி நுழைந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துப்படிகள் போயின. 2022 ஜனவரியில் பிடிபட்டவர், இலண்டன் பதிப்பகமொன்றிலே சிறு பணியிலிருந்த 29 வயது இத்தாலிய இளைஞர். 2023 இலே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 88,000 டாலர் ஈடுகட்டுமாறு தீர்ப்பாயிற்று. விந்தை என்னவென்றால், திருடியவற்றை அவர் விற்கவில்லை, எங்கும் வெளியிடவில்லை. பிறர் படிக்குமுன் படிக்கவேண்டும், அந்த உள்வட்டத்திலே தானும் ஒருவன் என்று உணரவேண்டும், அவ்வளவே!

அவர் செய்தது குற்றம். பரிந்துபேச நான் வரவில்லை. ஆனால் சிந்தித்துப் பாருங்கள். பொன்னைத் திருடவில்லை, பொருளைத் திருடவில்லை. முதலில் படிக்கும் உரிமையைத் திருடினார்! படிப்பதையே ஒரு கோட்டையாக்கி, மதிலெழுப்பி, வாயிலிலே காவல் வைத்தால், படிக்கும் ஆசையே ஒருவனைக் கள்ளனாக்கிவிடும் போலும்.

இனி, நம் வாயிலுக்கு வருகிறேன். இவ்வளவையும் நியூயார்க், இலண்டன் விவகாரம் என்று தள்ளிவிடலாமே, நமக்கென்ன என்று கேட்பவர் இருக்கலாம். என் நண்பர் சொன்னதைக் கேளுங்கள்.

அவர் ஒருநாள் தம் அலுவலகத்துக்குத் தாமாகவே எழுதினாராம்: "தமிழிலே ஓர் அருமையான நாவல் இருக்கிறது, நான் படித்துக் கருத்துரை அனுப்பட்டுமா?" விடை உடனே வந்தது, பண்பாகவும் வந்தது. மூன்று கேள்விகள். முழு ஆங்கில வடிவம் உண்டா? உரிமையை வைத்திருக்கும் முகவர் யார்? ஆங்கிலத்திலே வெற்றி பெற்ற எந்த நூலைப் போன்றது? நண்பரிடம் மூன்றுக்கும் விடையில்லை. நூல் நல்லதா என்ற நான்காவது கேள்வியை எவரும் கேட்கவில்லை.

"கோபம் வரவில்லையா?" என்றேன்.

"யார்மேல் கோபப்படுவது? அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் ஆங்கில நூலைத்தானே கேட்கிறார்கள்" என்றார்.

அந்த ஒரு வரியிலே எல்லாம் அடங்கிவிட்டது. விலைக்கு வாங்கிய விழி, வாங்கியவர் காட்டும் திசையைத்தான் பார்க்கும்!

திசை எது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1979 முதல் நாடுகள் கொடுத்த விவரங்களை யுனெஸ்கோ திரட்டியது. ஆங்கிலத்திலிருந்து பிற மொழிகளுக்குச் சென்ற பெயர்ப்புகள் 12 இலட்சத்துக்கு மேல்! இரண்டாமிடத்திலுள்ள பிரெஞ்சு மொழியிலிருந்து 2 இலட்சத்துச் சொச்சம். இது போகும் வழி. வரும் வழி? அமெரிக்காவிலே வெளியாகும் நூல்களில் மொழிபெயர்ப்பு நூற்றுக்கு மூன்று அளவுதான் என்பது துறையினரே கூறும் கணக்கு. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார், அதைச் சுட்டிக்காட்டவே 2007 இலே தொடங்கிய தம் திட்டத்துக்கு 'மூன்று விழுக்காடு' என்று பெயரிட்டார்கள். உலகம் முழுவதும் ஆங்கிலத்தைக் கேட்கிறது. ஆங்கிலம் உலகத்தைக் கேட்பதில்லை.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013 இலே தமிழில் வெளிவந்தது. சாதி கடந்து மணந்த இருவரை ஊரே சூழ்ந்து நெருக்கும் கதை. 2016 இலே அனிருத்தன் வாசுதேவன் அதை ஆங்கிலமாக்கினார். 2023 இலே பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் பட்டியலை எட்டிய முதல் தமிழ் நாவல் அதுவே. மகிழ்ந்தோம், கொண்டாடினோம். ஆனால் எண்ணிப் பாருங்கள்: பத்து ஆண்டுகள்! நியூயார்க்கிலே எழுதிய நாவல், அச்சு மை தொடுமுன்பே கடல்களைக் கடக்கிறது. நம் நாவல் இலண்டன் பட்டியலை எட்டப் பத்தாண்டு பிடிக்கிறது. எழுத்திலே குறையா? குறையென்றால் பத்தாண்டு கழித்து மட்டும் நிறை எப்படி வந்தது? நூல் மாறவில்லை, பார்க்கும் கண்தான் அப்போது வந்து சேர்ந்தது.

அந்தக் கண்ணை யார் கொணர்கிறார்கள் தெரியுமா? மொழிபெயர்ப்பாளர்கள்! தாமே தேடிப் படித்து, தாமே தேர்ந்தெடுத்து, மாதிரிப் பக்கங்களை ஆங்கிலமாக்கி, பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிக் காத்திருக்கிறார்கள். இந்த ஒற்று வேலைக்கு அவர்களில் மிகப்பலருக்குச் சம்பளமும் இல்லை, கூலியும் இல்லை. 2022 இலே இந்தியிலிருந்து கீதாஞ்சலி ஸ்ரீயின் நாவலை டெய்சி ராக்வெல் பெயர்த்துப் பன்னாட்டுப் புக்கர் பரிசைக் கொணர்ந்தார். 2025 இலே கன்னடத்திலிருந்து பானு முஷ்தாக்கின் கதைகளை, முப்பதாண்டுக்கு மேலாக எழுதப்பட்டவற்றிலிருந்து பன்னிரண்டைப் பொறுக்கியெடுத்து, தீபா பாஸ்தி பெயர்த்து அதே பரிசை வென்றார். இவ்விரு நூல்களையும் பிரிட்டனிலே வெளியிட்டவை டில்டட் ஆக்சிஸ், அண்ட் அதர் ஸ்டோரீஸ் என்ற சிறு பதிப்பகங்கள். மாளிகைகள் பார்த்திராததைக் குடிசைகள் பார்த்தன!

ஆகவே ஒற்றரை ஒழி என்று நான் கூறவரவில்லை. ஒற்றர் வேண்டும், இன்னும் பலர் வேண்டும். ஆனால் அந்த விழிகளை யார் அமர்த்துவது என்பதை மாற்றவேண்டும்.

முடியுமா? முடிந்திருக்கிறது! நார்வே நாட்டார் 1978 இலேயே தம் இலக்கியத்தை வெளிநாடுகளுக்கு எடுத்துச்செல்லப் பொதுப்பணத்திலே ஓர் அமைப்பைத் தொடங்கினர். ஜெர்மன் மொழியினர் 1996 முதல் இலண்டனிலே ஒரு திட்டம் நடத்துகிறார்கள்: புதிய ஜெர்மன் நூல்களைத் தேர்ந்த படிப்பாளிகளிடம் கொடுத்து, கருத்துரைக்குக் கூலி கொடுத்து, குழுவாக அமர்ந்து தேர்ந்தெடுத்து, முடிவை ஊரறிய வெளியிடுகிறார்கள். இரகசியம் இல்லை, விருந்து மேசை இல்லை, எந்த நாட்டுப் பதிப்பாளரும் எடுத்துப் படிக்கலாம். இதுவும் ஒற்றுத்தான்; ஆனால் முதலாளிக்காக மறைக்கப்பட்ட ஒற்றல்ல, மொழிக்காகத் திறந்துவைக்கப்பட்ட ஒற்று.

தமிழ்நாட்டு அரசு 2023 ஜனவரியில் சென்னையிலே பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. மொழிபெயர்ப்புக்கு நல்கையும் வழங்குகிறது. வரவேற்போம். ஆனால் காட்சி சில நாள். ஆண்டோ 365 நாள். அயல்நாட்டார் வந்து கைகுலுக்கி, "எந்த நூலைப் படிக்கலாம்?" என்று கேட்கும்போது, நம் கையிலே என்ன இருக்கவேண்டும்? அவ்வாண்டு வெளியான தமிழ் நூல்களையெல்லாம் படித்துத் தேர்ந்த கருத்துரைகள் இருக்கவேண்டும். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மாதிரிப் பக்கங்கள் இருக்கவேண்டும். அவற்றை எழுதியவர்க்கு உரிய ஊதியம் கொடுத்திருக்கவேண்டும். ஒரே நகரத்தார், ஒரே குழுவினர், ஒரே நட்பு வட்டத்தினர் என்றில்லாமல், ஒருவரையொருவர் அறியாத மூவர் ஒவ்வொரு நூலையும் படித்திருக்கவேண்டும். வள்ளுவர் வகுத்த முறை அது! கருத்துரைகள் ஊரறிய வெளியாகவேண்டும். தவறானால் தவறென்று எவரும் எடுத்துக்காட்ட வழி இருக்கவேண்டும். இல்லையேல், இலண்டன் விருந்து மேசையை இடித்துவிட்டுச் சென்னையிலே ஒன்றைப் போட்டவர்களாவோம்.

இளைஞர்களே! உங்களிலே சிலருக்கு, என் நண்பருக்குக் கிடைத்ததுபோல், அந்த வேலை கிடைக்கலாம். கிடைத்தால் செல்லுங்கள், செம்மையாகச் செய்யுங்கள். "எதைப் போன்றது?" என்று கேட்பவர்க்கு, "எதைப் போன்றதுமல்ல, அதனால்தான் படிக்கச் சொல்கிறேன்" என்று எழுதும் துணிவைக் கொண்டு செல்லுங்கள். கிடைக்காவிட்டால் கலங்காதீர்கள். உங்கள் ஊர் நூலகத்திலே, எவரும் எடுக்காமல் தூசு படிந்து கிடக்கும் நூலொன்றை எடுத்துப் படியுங்கள்; நல்லதென்றால் ஏன் நல்லது, அல்லதென்றால் ஏன் அல்லது என்று காரணத்தோடு எழுதுங்கள்; நால்வருக்குக் காட்டுங்கள். எவன் பணத்துக்கும் கட்டுப்படாத ஒற்றர் ஆகிவிட்டீர்கள்!

என் வகுப்பிலே ஒரு மாணவி, கட்டுரை ஏட்டின் கடைசிப் பக்கங்களிலே கதை எழுதிவருகிறாள். திருத்தும்போது தற்செயலாகக் கண்டேன். நன்றாகவே எழுதுகிறாள். நாளை அவள் நாவலை உலகம் படிக்குமா? எனக்குத் தெரியாது, நான் குறி சொல்பவனல்ல. ஆனால் அவள் எழுத்தை முதலிலே படிக்க ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட கண்கள் ஆயிரம் திறக்கட்டும். விலைக்கு வாங்கிய விழிகள், தாமாகவே இந்தப் பக்கம் திரும்பும்!